ஆறு கடந்த மணமகளுக்கு வாய்த்த ஓரடி

கடல் தழுவிய நெடுந்துறை நாட்டின் முடி தாங்கி, கணவர் மறைந்த நாள்தொட்டுப் பதினோராண்டாய் அரியணை அமர்ந்து ஆளும் பூதி மாதேவி, துறைமுகத்து ஓலைச்சாலையின் தலைமையாசான் வேட்டனார் திருமுன் தன் கைப்பட எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் சாலையில் எழுத்தாணி ஓயாதிருக்க. தங்கள் மாணாக்கர் நோயின்றி இருக்க. தாங்களும் உடல்நலம் குன்றாதிருக்க.

மாணாக்கி நங்கையை மன்னிக்குமாறு தாங்கள் விடுத்த மூன்று ஓலைகளும் வந்தன. மூன்றையும் படித்தேன். மறுமொழி விடுக்காதது இகழ்ச்சியால் அன்று. சொல்லுவதற்கு என்னிடம் ஏதும் இல்லாமையால். ஆயினும் நடந்தது இன்னதென்று உரைக்காமல் ஆணையை மட்டும் அனுப்ப மனம் ஒப்பவில்லை.

கலங்களில் வரும் பிறநாட்டுப் பெருங்காப்பியங்களைத் தமிழாக்கி, அவற்றுள் பேசாதிருக்கும் பெண்டிர் பேசினால் கதை எவ்வாறு திரும்பும் என்று மாணாக்கரை எழுதச் சொல்லலாமா எனத் தாங்கள் சென்ற ஆண்டு வினவியபோது, மகிழ்ந்து இசைந்தவள் நானே. பன்னிருவர் எழுதினர். பனிநாட்டு வீரன் கடல்விலங்கை வென்ற கதையை, அவன் கலத்துக்குப் பாய் தைத்தவள் வாயிலாக ஒருத்தி சொன்னாள். தீவு மன்னன் ஒருவனுக்கு நூறு மனைவியர் என்று மட்டும் சொல்லிச் செல்லும் கதையை எடுத்த மாணாக்கன், நூற்றுவருக்கும் பெயர் வைப்பதற்கே ஒரு திங்களைச் செலவிட்டான் என்று கேட்டு நகைத்தேன்.

உப்பளத்தில் உழைக்கும் காரியின் மகள் நங்கை எடுத்தது மணல்நாட்டுக் காப்பியம். ஆற்றுநீருக்காக இரு மன்னர் ஏழாண்டு பொருது, முடிவில் ஒருவன் மகளை மற்றவன் மகனுக்குக் கொடுத்துப் பகை தீர்த்த கதை. ஒன்பதினாயிரம் அடிகளில் அந்த மகளுக்கு உரியது ஓரடி: மகளும் ஆறு கடந்தாள், போர் முடிந்தது. நங்கை அந்த ஓரடியை ஒரு நாடகமாக விரித்தாள். யானைமேல் ஆற்றைக் கடக்கும் அந்த ஒரு நாழிகையில் அப்பெண் நினைத்தவையே அந்நாடகம்.

அதனை அரண்மனை முற்றத்தில் ஆடச் செய்த நாளில், என் மகள் கொற்றவல்லியைத் தம் மன்னனுக்கு மணமகளாக அழைத்துச் செல்லக் குன்றவேலியிலிருந்து வந்த தூதர் மல்லனாரும் அவையில் இருந்தார். குன்றவேலி மன்னன் சேந்தன் என் உடன்பிறந்த தம்பி என்பதும், மணியாற்றின் தலைமதகுகள் அவன் கையில் இருப்பதும், இருபத்தாறாண்டுக்கு முன் இதே ஆற்றுப் பகை தீர என் தந்தை என்னை இந்நாட்டுக்கு அனுப்பினார் என்பதும் தாங்கள் அறிந்தவை. நங்கை அறியாள். அவள் எழுதியது மணல்நாட்டுப் பெண்ணை. அவையோர் கண்டது என்னை.

ஆட்டம் முடிந்ததும் கொற்றவல்லி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அம்மா, உங்களுக்கு எத்தனை அடி குடுத்தாங்க? எனக்கு எத்தனை குடுப்பீங்க?"

மறுநாள் அவள் குன்றவேலிக்குச் செல்ல மறுத்தாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருந்தது அன்பு என்று அன்று எண்ணினேன். அச்சம் என்று இன்று தெரிகிறது. எம் தந்தையார் நீருக்கு மகளை விற்றதாக நெடுந்துறையார் கூத்தாடி நகைத்தனர் என்று மல்லனார் சென்று உரைக்க, சேந்தன் மதகுகளை அடைத்தான். இருபது நாள் ஆற்றில் நீர் இல்லை. வயற்காட்டு மக்கள் அரண்மனை வாயிலுக்கு வந்தனர். அவர்கள் கூச்சலிடவில்லை, என்னைப் பழிக்கவும் இல்லை. கருகிய நாற்றுமுடிகளை வாயிற்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தனர். கொற்றவல்லி மேல்மாடத்திலிருந்து அவர்களைப் பார்த்தாள். அன்று மாலையே அணிகலப் பேழையைத் தானே திறந்தாள்.

"நான் போறேன்மா. அவங்க மொகத்தப் பாத்துட்டு இங்க எப்பிடி இருக்குறது?" என்றாள். போகாதே என்று சொல்லத் தாயாகிய எனக்கு வாய் எழவில்லை. போ என்று சொல்ல அரசியாகிய எனக்கும் எழவில்லை. அவள் போனாள்.

மணமும் நிகழ்ந்தது. ஆயினும் சேந்தன் மதகுகளில் பாதியையே திறந்தான். நாடகம் எழுதியவளை நாடு கடத்தி, அவள் ஓலைகளை மல்லனார் கண்முன் எரித்தபின்னரே மீதி திறக்கும் என்று சொல்லியனுப்பினான். அமைச்சர் ஐவரையும் கூட்டினேன். நங்கைக்காக நான் பேசினேன். பாதி நீரில் பாதி நாடு பட்டினி கிடக்கும் என்று அவர்கள் பேசினர். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஐவரும் ஒருமுகமாய் நின்றபின் அரசி மட்டும் மறுப்பதற்கு நம் நாட்டு முறையில் இடமும் இல்லை.

நங்கையை அழைத்து அவை நடுவே தீர்ப்பை உரைத்தேன். அவள் அழவில்லை. தந்தையைப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டாள், இசைந்தேன். பின்னர் தன் உப்பளத்துப் பேச்சிலேயே, "ஒண்ணு கேக்கலாமா தேவி? ஆனை ஆத்துல எறங்கறப்ப, அந்தப் பொண்ணு அக்கரையப் பாத்துக்கிட்டே போனான்னு எழுதிட்டேன். அது சரிதானா?" என்றாள்.

மல்லனார் என் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல் சொன்னாலும், அந்நாடகம் என் தந்தையைப் பற்றியதே என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அவை கலைக என்றேன். அவளை அழைத்துச் சென்றுவிட்டனர்.

ஆசானே, கலம் புறப்படுமுன் அவளிடம் இதைச் சொல்லுக. அது சரியன்று. அந்தப் பெண் அக்கரையைப் பார்க்கவில்லை. அம்பாரியில் திரும்பி உட்கார்ந்து, விட்டுவந்த கரையைப் பார்த்தபடியே வந்தாள். அங்கே அவளுடைய எட்டு வயதுத் தம்பி, அக்கா அக்கா என்று கூவிக்கொண்டு யானையின் பின்னே நீருக்குள் ஓடிவந்தான். கழுத்தளவு ஆழம் வந்ததும் காவலர் அவனைத் தூக்கிக் கரை சேர்த்தனர். அவன் கை அசைப்பது மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் சேந்தன்.

இனி வருவதை மட்டும் சாலையில் எல்லோரும் கேட்கப் படிக்க.

காரி மகள் நங்கை வரும் முழுநிலா நாளில் தென்தீவு செல்லும் கலத்தில் ஏறுக. குன்றவேலி மன்னர் ஆளும் காலம்வரை திரும்பாதிருக்க. அவள் எழுதிய ஓலைகள் அனைத்தும் தூதர் மல்லனார் முன் தீயிடப்படுக. ஏனைய பதினொருவர் எழுதியவை கட்டி முத்திரையிடப்படுக. மணல்நாட்டுக் காப்பியம் ஓரெழுத்தும் கூடாமல், குறையாமல், மாணாக்கராலேயே படியெடுக்கப்பட்டுக் குன்றவேலிக்கு அனுப்பப்படுக. இது நெடுந்துறை ஆளும் பூதி மாதேவியின் ஆணை. சங்கு முத்திரை இட்டோம்.

இதற்கு மறுமொழி எழுத வேண்டா. எழுதினால் படிப்பேன், படிப்பதன்றி என்னால் ஆவது ஒன்றும் இல்லை.