வீட்டுச் சண்டை என்று எழுதிவிட்டார்கள்

ஆனி, திங்கள்

அனல் காற்று. வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய், போன் ரீசார்ஜ்.

ஜீயபுரம் வாழைத்தோட்டம். பச்சைமலையிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் ஆண்களுக்குப் பூச்சிமருந்தடிப்பு, பெண்களுக்குக் களையெடுப்பு. காற்று எதிரே அடித்தாலும் இன்றைக்கே முடிக்கணும் என்றார், எங்களைக் கூட்டிவந்த மேஸ்திரி. கையுறை கிடையாது. முகத்துக்கு அவரவர் துண்டு.

மதியம் சோறு கொண்டுபோனால் என் வீட்டுக்காரர் வரப்பில் சுருண்டு கிடக்கிறார். வாயில் நுரை. மேஸ்திரி அவரை மட்டும் வேனில் ஏற்றினார். என்னைப் பின்னால் பஸ்ஸில் வரச் சொன்னார்.

செவ்வாய்

ஆஸ்பத்திரி. கண் திறந்தார். பேச்சு குழறுகிறது. டீயும் பன்னும். பன் இறங்கவில்லை.

நர்ஸம்மா என்னைத் திட்டினார். "மருந்து குடிக்கிற அளவுக்கு வீட்டுல அப்படி என்னம்மா சண்டை?"

படுபாவி மேஸ்திரி. அப்படிச் சொல்லித்தான் சேர்த்திருக்கிறான். சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். எங்கே போனாலும் மேஸ்திரி பேசுவான், நாங்கள் பின்னால் நிற்போம். அதுதான் எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்! நாசமாய்ப் போக.

நடந்ததைச் சொன்னேன். வேலையில் நடந்தது என்றால் தோட்டத்து முதலாளி நஷ்டஈடு கொடுக்கணும், சட்டமே இருக்கிறது, தானாகக் குடித்தால் ஒன்றும் கிடையாது என்றார் நர்ஸம்மா. நாளைக்குப் போலீஸ் வரும், உங்கள் வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

புதன்

இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. முதலாளி வீடு இதோ, ஸ்ரீரங்கத்தில். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோயிலுக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

மேஸ்திரி காலையிலேயே வந்து இவர் காதில் ஏதோ ஓதினான். என்ன என்று இவரைக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் நம் ஊர் ஆட்களுக்கு இனிமேல் இந்தப் பக்கம் வேலையே கிடையாதாம். இவர் முகம் செத்துப்போயிருந்தது.

ஏட்டு வந்து கேட்டார். இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "வீட்டுல சண்டைங்க. நானே குடிச்சிட்டேங்க."

எனக்கு ஆத்திரம். மேஸ்திரி மேல் பாதி, இவர் மேல் பாதி.

"ஆமாங்க, சண்டைதான்," என்றேன். "மாஸ்க்கும் கையுறையும் குடுக்காம மருந்தடிக்கப் போகாதீங்கன்னு சண்டை போட்டேன். அதையும் எழுதிக்கங்க."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். மேஸ்திரியை வெளியே போய் நிற்கச் சொன்னார். பிறகு இவரிடம் மறுபடியும் கேட்டார்.

இவர் தோட்டத்தில் மருந்தடித்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.