கருப்பு ஒயர்

நவம்பர் 4, திங்கள்
என் வீட்டுக்காரர் சுகுமார் இன்னும் என்னிடம் பேசவில்லை. போன வாரம் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், உதவிக்குக் கூப்பிட ஒயர்லெஸ்ஸை எடுத்தால் அதுவும் செத்துக் கிடந்ததாம். ஒன்றரை நாள் மிதந்திருக்கிறார்கள், இவரும் படகுப் பங்காளி செல்லப்பன் அண்ணனும். நான் இங்கே பிள்ளைச்சாவடியில், வீட்டு ஒயர்லெஸ் செட்டின் முன்னால். கடலூர் படகு ஒன்று இழுத்து வந்தது.

படகு செட்டுக்கு ஒயர் போட்டது நான். தைரியமாகப் போ என்று சொன்னதும் நான்.

நவம்பர் 5
செல்லப்பன் அண்ணன் என்னைப் பார்க்காமல் சுகுமாரிடம் சொன்னார்: “இனிமே இது செட்டுல கை வச்சா நான் படகுல ஏற மாட்டேன்.” இவர் வலையை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார்.

மூன்று மாதமாக எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்குப் போகிறேன். முதல் பாடமே மின்னூட்டம். எலக்ட்ரானுக்கு எதிர், புரோட்டானுக்கு நேர் - தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் அது இன்னா? டீசல் மாதிரி சிவப்பு ஒயரில் போகும், செட் குடித்துத் தீர்த்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் கருப்பு ஒயர் எதற்கு? கேட்க வெட்கமாக இருந்தது.

நவம்பர் 7
படகு பேட்டரி நிறைவாக இருக்கிறது. செட்டை வகுப்பு பேட்டரியில் மாட்டினால் பேசுகிறது. அப்புறம் ஏன்டி செத்துச்சு?

நவம்பர் 9
வகுப்பில் பேட்டரியில் ஒரு பல்பை எரியவிட்டு மீட்டர் வைத்தேன். சிவப்பு ஒயரில் 0.42 ஆம்பியர். கருப்பிலும் 0.42. வேறு மீட்டர். அதே எண். அப்படியென்றால் பல்பு எதையும் குடிக்கவில்லையா?

ஜெயசீலன் சார் சொன்னார்: “மின்னூட்டம் தீந்து போறதில்லம்மா. அது சுமந்துட்டுப் போற சக்தியத்தான் பல்பு எடுத்துக்குது. போனது அத்தனையும் திரும்பி வரணும். வர்ற வழி அறுந்தா, போறதும் நின்னுடும்.”

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். படகில் சிவப்பு ஒயரைத்தான் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கருப்பை இரண்டு முறுக்கு முறுக்கி டேப் சுற்றி விட்டுவிட்டேன். பேருக்கு இருக்கிற ஒயர்தானே என்று.

நவம்பர் 10
டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்புக்கம்பி உப்பு தின்று பச்சையாக இருந்தது. தொட்டதும் கையோடு உதிர்ந்தது. இரண்டு பேரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், கடவுளே.

சுகுமாரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். நிமிராமல் சாப்பிட்டார்.

நவம்பர் 12
இரண்டு ஒயரையும் பற்றவைத்து, கிரீஸ் தடவி மூடினேன். இணைப்பை ஒரு நாள் முழுக்கக் கடல்தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன். செட் பேசுகிறது. எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

நவம்பர் 14
விடியும்போது போனார்கள். கருப்பு ஒயர் கதையை இவர் சொல்லியிருக்க வேண்டும், செல்லப்பன் அண்ணனும் ஏறினார். நான் வீட்டு செட்டை விட்டு நகரவில்லை, சோறு அடிப்பிடித்தது.

ஒன்பதரைக்குச் செல்லப்பன் அண்ணனின் குரல்: “அபிதா, கருப்பு ஒயரு ஒழுங்கா கீது. கேக்குதாம்மா?”

பட்டனை அழுத்தினேன். “கேக்குதுண்ணே. ரெண்டு பேரும் திரும்பி வாங்க.”