நூறு பேர் வரவேண்டிய கூட்டமும் ஒன்பது பேர் பார்த்த காணொளியும்

அனுப்புநர்
சலவைக் கடை உரிமையாளர்
(‘மடிப்புச் செய்தி’ என்னும் காணொளிப் பக்கத்தை நடத்துபவரும் அவரே),
பேருந்து நிலையத்தின் பின்தெரு,
நான்காம் வார்டு.

பெறுநர்
இணைய விளம்பரக் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: நகர மன்றக் கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றிய எங்கள் காணொளி, ஒரு விளம்பரதாரரின் சொற்பட்டியலால் மறைக்கப்பட்டது – கூட்டத்துக்கு முன் அதை மீட்டுத் தரக் கோருதல் – தங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பு ஒன்று பற்றித் தன்னிலை விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் பதினான்கு ஆண்டுகளாகச் சலவைக் கடை நடத்தி வருகிறேன். வார்டில் வேறு சலவைக் கடை இல்லை என்பதால், இம்மனுவில் வரும் எல்லோருடைய துணியும் எங்களிடம்தான் வருகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் சில சங்கடங்களுக்கு இதுவே காரணம்.

2. மூன்று ஆண்டுகளாக வியாழன்தோறும் ‘மடிப்புச் செய்தி’ வெளிவருகிறது. என் கணவர் இஸ்திரி போடுவார், நான் நகர மன்றத் தீர்மானங்களை எளிய தமிழில் சொல்வேன், என் நாத்தனார் கைப்பேசியில் படம் பிடிப்பார். ஒரு தீர்மானத்துக்கு ஒரு சட்டை என்பது எங்கள் முறை. காலரைத் தேய்க்கும்போது தலைப்பு, கைகளுக்கு விவரம், முதுகுக்கு யார் பொறுப்பு என்ற செய்தி. கடைசிப் பொத்தானுக்குள் நான் முடிக்காவிட்டால் கணவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இதனால் எந்த நகர மன்ற உறுப்பினரையும்விட நான் சுருக்கமாகப் பேசப் பழகியிருக்கிறேன். வாராவாரம் ஏறக்குறைய மூவாயிரம் பேர் பார்த்து வந்தார்கள்.

3. இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வார்டுக் குழாய்களில் காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை வரும் தண்ணீரை, ஒரு பாட்டில் தண்ணீர் நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட நகர மன்றம் உத்தேசித்துள்ளது. இதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெற உள்ளது. ஆட்சேபம் உள்ள வார்டுவாசிகள் நூறு பேராவது நேரில் வரவேண்டும். வராவிட்டால் மக்கள் சம்மதித்ததாகவே கொள்ளப்படும் என்று அறிவிப்பின் கடைசி வரியில், எறும்பு அளவு எழுத்தில் அச்சாகியுள்ளது. அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும் இடம் நகர மன்றத்தின் சைக்கிள் நிறுத்துமிடம்.

4. காலைத் தண்ணீர் நின்றால் எங்கள் கடை நின்றுவிடும். துணி ஊறுவதும் அலசுவதும் அந்த ஐந்து மணி நேரத்தில்தான். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் அதே ஐந்து மணி நேரத்தை நம்பித்தான் எரிகிறது. இம்மனு முழுவதும் நான் சிரித்த முகத்தோடுதான் எழுதுகிறேன், என் சுபாவம் அப்படி. உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது, ஐயா.

5. ஆகவே கூட்டம் எப்போது, எத்தனை பேர் வேண்டும், யாருக்குக் குத்தகை என்ற மூன்றையும் ஒரே நீலச் சட்டைக்குள் சொல்லிக் காணொளி வெளியிட்டோம். இரண்டு நாளில் அதைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் நாங்கள் மூவர், என் மாமியார், நாத்தனாரின் இரண்டாவது கைப்பேசி என்று கழித்துவிட்டால் பொதுமக்கள் என்று நால்வர் தேறுவார்கள்.

6. காணொளித் தளத்துக்கு எழுதிக் கேட்டதில், ‘உங்கள் காணொளி குடும்பப் பார்வைக்கு உகந்த விளம்பரங்களுக்கு ஏற்றதல்ல’ என்று பதில் வந்தது. என் மாமியார் அந்தக் காணொளியை மறுபடி முழுக்கப் பார்த்துவிட்டு, “இதுல என்னம்மா அசிங்கம் இருக்கு? உன் வீட்டுக்காரன் பனியனோட நிக்கிறானே, அதைச் சொல்றாங்களோ?” என்று கேட்டார். நாங்களும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினோம். கணவருக்கு முழுக்கைச் சட்டை போட்டு, தலைவாரி, மீண்டும் எடுத்தோம். அதே பதில். பனியன் நிரபராதி என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

7. உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியவந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துணியை ஊறவைக்குமுன் பைகளைச் சோதிப்பது எங்கள் கடை வழக்கம். கிடைப்பதை உறையில் போட்டு உரியவரிடம் கொடுப்போம், படிக்கமாட்டோம். மேற்படி நிறுவனத்தின் பகுதி மேலாளரும் எங்கள் வாடிக்கையாளர்தான். அவருடைய சட்டைப் பையில் இருந்த தாளை எடுக்க அன்று தவறிவிட்டோம், அது நனைந்துவிட்டது. நனைந்ததை விரித்துக் காயவைக்க வேண்டியதாயிற்று. விரித்தால் கண்ணில் படத்தானே செய்யும்? எந்தெந்தச் சொற்கள் வரும் காணொளிகளின் அருகில் தங்கள் விளம்பரம் வரக்கூடாது என்று அந்நிறுவனம் தளத்துக்குக் கொடுத்த பட்டியல் அது. குழாய், குத்தகை, வார்டு, தீர்மானம், ஆட்சேபம், கருத்துக்கேட்பு எனச் சொற்கள் மொத்தம் நாற்பத்தாறு. ‘தாகம்’ மட்டும் இல்லை. அது அவர்கள் விளம்பரத்திலேயே வருகிறது.

8. தாளைக் காயவைத்து, இஸ்திரியும் போட்டு, மேலாளரிடமே ஒப்படைத்தேன். படித்துவிட்டதையும், இதுபற்றித் தங்களுக்கு எழுதப்போவதையும் நேரிலேயே சொன்னேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. “எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. எங்க விளம்பரம் எங்க வரணும்னு நாங்க சொல்றோம், அவ்ளோதான். நீங்க எழுதுங்க, ஆனா அந்தச் சட்டை எனக்கு நாளைக்குக் காலையில வேணும்” என்றார். சட்டை மறுநாள் காலை கொடுக்கப்பட்டது.

9. மேலாளர் சொன்னதில் பாதி நியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கடைப் பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்பது என் விருப்பம். பிடிக்காத சுவரில் மாட்டு என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நான் பலகை மாட்டாத சுவருக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் கதவை யாரும் பூட்டிவிடுவதில்லை. இங்கே பூட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பார்க்கும் விளம்பரங்களில் மூன்றில் இரண்டு அந்நிறுவனத்துடையவை. அந்த விளம்பரங்கள் ஒட்டாத காணொளியால் தளத்துக்கு லாபம் இல்லை, எனவே தளம் அதை யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை. ஒரு குத்தகையால் ஆதாயம் பெறப்போகிறவரே, அந்தக் குத்தகையைப் பற்றி யார் பேசுவது காதில் விழலாம் என்பதையும் தீர்மானிக்கிறார். ஒரு சட்டத்தையும் மீறாமலே இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை, தங்களுக்கு விளங்கினால் எழுத்தில் தெரிவிக்கவும். விளம்பர வருமானம் எங்களுக்கு வேண்டாம். நாங்கள் பேசுவது ஊருக்குக் கேட்டால் போதும்.

10. இந்நிலையில் என் நாத்தனார் ஒரு யோசனை சொன்னார். “அந்த மெஷினு நீங்க பேசறதைத்தானே அண்ணி கேக்குது? பேசாம இருந்தா என்ன பண்ணும்?” என்றார். ஆகவே மூன்றாவது காணொளியில் யாரும் வாய் திறக்கவில்லை. கணவர் ஒரு வெள்ளைச் சட்டைக்கு மௌனமாக இஸ்திரி போட்டார். பின்னால் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பு தொங்கியது. துணிகளில் வாடிக்கையாளர் குறி போடும் அழியாத மையால், கூட்ட விவரம் முழுவதையும் அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தோம். தலைப்பு, ‘வெள்ளைச் சட்டையை மடிப்பது எப்படி’. இதில் சற்றுக் கள்ளத்தனம் உண்டு என்பதை மறுக்கவில்லை. சட்டையையும் உண்மையாகவே மடித்தோம் என்பதைக் கணக்கில் கொள்ளவும்.

11. அதை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். தொடக்கத்தில் ஓடிய விளம்பரம் அதே பாட்டில் தண்ணீர் நிறுவனத்துடையது. ஒரு பெண் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் குடித்துப் புன்னகைப்பார், அடுத்த நொடியே எங்கள் விரிப்பு வரும். அன்று கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு சேலைகளுக்குக் கஞ்சி போட மறந்துபோனோம். உள்ளதைச் சொன்னால், கீழே வந்த கேள்விகளில் முக்கால்வாசி காலர் மடிப்பைப் பற்றியவை. கூட்டம் எந்த அறையில் என்று கேட்டவர்கள் இருபத்திரண்டு பேர். எங்களுக்கு அந்த இருபத்திரண்டு பேர்தான் முக்கியம். மூன்றாம் நாள் காணொளி தளத்திலிருந்தே நீக்கப்பட்டது. காரணமாக அதே வாசகம், ஒரு புள்ளிகூட மாறாமல்.

12. இங்கே ஒரு தன்னிலை விளக்கம். உரிமை கோரப்படாத பழைய துணிகள் எங்கள் கடையில் இடது அலமாரியில் இருக்கும், ஒப்படைக்க வேண்டியவை வலது அலமாரியில். கணவர் அவசரத்தில் வலது அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்துவிட்டார். எழுதி முடித்துக் கொடியில் போட்ட பிறகுதான் ஓரத்திலிருந்த குறியைப் பார்த்தேன். அது தங்கள் வீட்டுக் குறி. மை ஒருநாளும் போகாது, அதற்காகத்தான் அதை வாங்குகிறோம். காணொளியில் அந்த ஓரம் தெரியவில்லை, ஆகவே தங்கள் பெயர் எங்கும் அடிபடவில்லை. பதிலுக்குப் புது விரிப்பு கொடுத்தால் லஞ்சம் என்று ஆகிவிடுமோ என்று கணவர் அஞ்சுகிறார். கொடுக்காவிட்டால் திருட்டு என்று ஆகிவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். இம்மனுமீது தாங்கள் உத்தரவிடும்வரை புது விரிப்பு எங்கள் கடையில் காத்திருக்கும். பழையதைச் சலவை செய்து, மடித்து, சான்றாக இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் இல்லத்தரசியாரிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

13. ஆகவே ஐயா அவர்கள் தயைகூர்ந்து,

(அ) எங்கள் மூன்று காணொளிகளையும், குறைந்தது முதல் காணொளியையாவது, கூட்டத்துக்கு முன் பழையபடி எல்லோரும் காணும்படி செய்யத் தளத்துக்கு அறிவுறுத்தவும்,

(ஆ) நகர மன்றத்தின் முன் கோரிக்கை நிலுவையில் உள்ள எந்த நிறுவனமும், அக்கோரிக்கை பற்றிய பேச்சுக்கு அருகே தன் விளம்பரத்தை மறுக்கலாம், அந்த மறுப்பால் பேச்சு மறையக்கூடாது என்று விதி செய்யப் பரிந்துரைக்கவும்,

(இ) கூட்ட அறிவிப்பைச் சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து மனிதர்கள் நடமாடும் ஓர் இடத்துக்கு மாற்றச் சொல்லவும்

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

14. தங்கள் மேசையில் கோப்புகள் வரிசையில் இருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் இது மேலே வராமலும் போகலாம் என்பதை அறிவேன். எனவே நாங்களும் சும்மா இருக்கவில்லை. துணி ஒப்படைக்கப் போகும் வீடுகளிலெல்லாம் வாசலில் நின்று சொல்லி வருகிறோம். இன்று மாலை வரை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் எண்பத்தெட்டுப் பேர். தாங்கள் எங்கள் வார்டிலேயே குடியிருக்கிறீர்கள். அலுவலராகத் தாங்கள் எடுக்கும் முடிவு எதுவாயினும், குடிமகனாக வந்து நாற்காலியில் உட்காரத் தடையேதும் இல்லை என்று விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டேன். தங்கள் வீட்டில் வயதுவந்தோர் ஐந்து பேர் என்பது வாராவாரம் வரும் மூட்டையிலிருந்து எங்களுக்குத் தெரியும். அன்று ஐவருக்கும் உடுத்த வேண்டிய துணி வியாழன் மாலையே, காலர் கலையாமல் வீடு வந்து சேரும். தாங்கள் ஐவரும் வந்தால் தொண்ணூற்று மூன்று. மீதி ஏழு பேரை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

இடம்: கடையின் இஸ்திரி மேசை
நாள்: சனிக்கிழமை, கூட்டத்துக்கு ஆறு நாள் முன்பு

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
நான்காம் வார்டு சலவைக் கடைக்காரி

சாட்சிகள்: கணவர் (விரிப்பை எடுத்தவர்), நாத்தனார் (யோசனை சொன்னவர்)