வேலையைக் கெடுக்காத படிப்பு

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் அன்பான எபிக்கு, சுகிர்தா எழுதுவது. ஸ்தோத்திரம்.

இல்லை, அந்த மேனேஜர் வேலை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டபோது லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் அறையில் எப்போதும் ஆட்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அத்தனை பேர் கேட்க அழ எனக்கு இஷ்டமில்லை. பாக்கியநாதன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் வரும், எனக்கு மேனேஜர் வேலை ஆகிவிட்டால் அதில் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றீர்கள். அது என் நினைவில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இங்கே சுகம். அம்மா எளாவூரில் உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறார். முட்டி வலி குறைந்திருக்கிறது. மழை இல்லை. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் அழுகிய முட்டை வாடை இந்த வாரம் அதிகம். ஜன்னலைச் சாத்தினாலும் வருகிறது. சோற்றில்கூட.

கம்பி மில்லில் நேர்காணல் என்றார்கள். பழைய மேனேஜர் போனதிலிருந்து டெஸ்பாட்ச் முழுக்க நான்தான். எந்த லாரி முதலில், எவ்வளவு கம்பி, எப்போது பில். நான் செய்துகொண்டிருக்கும் வேலைக்கே எனக்கு நேர்காணல். சரி என்று போனேன். ஜி.எம். பரசுராமன் சாரும் பர்சனல் ஆபீசர் சடையப்பன் சாரும் இருந்தார்கள். பரசுராமன் சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை நனைத்தார். மீசையில் ஈரமாகத் துகள் ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும்.

இன்னாம்மா, எம்.பி.ஏ. முடிச்சிட்டியாமே, காலேஜி எங்க, போன்லயா என்றார். சடையப்பன் சார் சிரித்தார். ஆன்லைன் வகுப்பு, பரீட்சை ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் நேரில் எழுதினேன், ரெகுலர் படிப்புக்கு இது சமம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது என்றேன். சர்க்கார் சொல்லும்மா, சம்பளம் சர்க்காரா குடுக்குது என்றார்.

பிறகு கேட்டார். ரெண்டு வருசத்துல படிப்புக்குன்னு எத்தினி நாள் லீவு போட்டே?

எபி, அந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். காய்ச்சலோடு போயிருக்கிறேன். உங்கள் அப்பாவின் நினைவு ஜெபத்தன்று அரை நாள்கூடக் கேட்கவில்லை. பரீட்சைக்குச் சென்னை போகும் ரயிலிலும் பாடம் கேட்பேன், பொன்னேரி தாண்டுவது தெரியாது. இதையெல்லாம் ஒருநாள் யாராவது கேட்பார்கள், எடை போடுவார்கள் என்று நம்பினேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன், ஒரு நாளும் இல்லை சார்.

அவர் சடையப்பன் சார் பக்கம் திரும்பினார். கேட்டுக்கினியா, லீவே போடலியாம், வேலையும் கெடலியாம், அப்ப இன்னாத்த படிச்சிக்கினு இருந்திச்சாம் என்றார். என்னிடம், ரெகுலர்ல போறவன் ரெண்டு வருசம் எல்லாத்தையும் வுட்டுட்டுப் போய்ப் படிக்கிறாம்மா, நீ இன்னாத்த வுட்டே என்றார்.

சடையப்பன் சாரைப் பார்த்தேன்.

லீவு கேக்காத கோர்ஸா பாத்து சேந்துக்கோம்மா, வேலைக்கு இடைஞ்சல் இல்லன்னா கம்பெனி ஆட்சேபிக்காது என்று நான் படிக்கச் சேரும்முன் சொன்னவர் இதே சடையப்பன் சார். நான் பாஸ் செய்ததும் நோட்டீஸ் போர்டில் என் போட்டோவை ஜிகினா சுற்றி மாட்டியவரும் அவர்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் மில்லைப் பார்வையிட வந்தபோது அந்தப் போட்டோவுக்கு முன்னால் என்னை நிறுத்தி, எங்கள் பெண்கள் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள் என்று பெருமையடித்தார். இப்போது டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். தண்ணீரிலும் இரும்பு வாடை.

மேனேஜராகப் புதிதாக எடுத்த பையன் சேர்ந்துவிட்டான். ஸ்டீவன். இரண்டு வருடம் முழுநேரம் படித்தவன். நல்ல பையன். அதுவும் எரிச்சலாக இருக்கிறது. என் மேஜையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, மேடம் எங்க காலேஜ்லயும் இதே புக்குதான், கடைசி ரெண்டு பாடம் நான் படிக்கவே இல்ல என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

லாரி எடைமேடை அன்புராஜுக்கும் விஷயம் போய்விட்டது. யக்கா, உன்னுது சண்டே டிகிரியாமே, அப்ப சண்டே மட்டும் நீ மேனேஜரா இரு, மத்த நாளு அவுரு இருக்கட்டும் என்றான். என்னைச் சிரிக்கவைக்கத்தான். கேட்டில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் பரசுராமன் சார் கேட்டது வீட்டுக்கும் வந்துவிட்டது.

அயோக்கியத்தனமான கேள்வி. லீவு போட்டிருந்தால் பொறுப்பில்லாதவள் என்றிருப்பார். தெரியும். இருந்தும் நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது வேறொன்றை நினைத்தேன். நமக்குக் கல்யாணம் ஆகி நான்கு வருடம். உங்கள் வேலையை அது ஒரு நாளும் கெடுக்கவில்லை. என் வேலையையும். வெள்ளிக்கிழமைதோறும் போனில் நடக்கிறது. யாராவது கேட்டிருந்தால் அதையும் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்லியிருப்பேன்.

மடித்த துணியில் உங்கள் சட்டை ஒன்றும் இல்லை.

அருவருப்பு அந்த மனிதர் மேல் மட்டும் என்றால் சுலபம். வேலை எனக்குக் கிடைத்ததும் நீங்கள் வருவதாகப் பேசி வைத்தோமே, அது என்ன பேச்சு? என் புருஷன் வீட்டுக்கு வரலாமா என்று பரசுராமன் சாரிடம் உத்தரவு கேட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவர் பிஸ்கட் தீரும்வரை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கேயும் உங்களைப் போன்ற வெல்டருக்கு வேலை உண்டு. அங்கே வாங்குவதில் பாதிகூடத் தரமாட்டார்கள், தெரியும். நான் அசிஸ்டன்ட்தான், அப்படியேதான் இருப்பேன் போலிருக்கிறது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் ஏதாவது கம்பெனியில் இந்தப் படிப்பை மதிக்கிறார்களா என்று விசாரிக்கிறேன். மதிக்காவிட்டாலும் வாருங்கள். நம் கல்யாணம் எதையாவது கொஞ்சம் கெடுக்கட்டும்.

போனில் பதில் சொல்ல வேண்டாம். ஸ்பீக்கரில் இதற்குப் பதில் இல்லை.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள்
சுகிர்தா

பி.கு. இதை மடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கார அம்மா திலகவதி அக்காவிடம் போனேன். மாடியில் காலியாக இருக்கும் இரண்டு அறை வீட்டை எங்களுக்குத் தரவேண்டும், இந்த ஒற்றை அறை போதாது என்றேன். இன்னாத்துக்குமா உனக்கு ஒருத்திக்கு ரெண்டு ரூமு, ஊட்டுக்காரரு வர்றாரா, எப்ப என்று கேட்டார். தெரியாது என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய் இரண்டு அறையையும் பெருக்கிவிட்டு வந்தேன்.