இன்னொரு துளி

நஜ்லாவின் அப்பாவுக்கு,

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். முழங்கால் வலி தேவலையா? இந்த ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் நான் நலம்.

நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தில் நேற்று ஒரு வேடிக்கை. சின்னத் தகட்டில் தலைமுடி அளவு வாய்க்கால். அதில் மருந்தை ஓடவிட்டு எக்ஸ்ரே பாய்ச்சுகிறார்கள். கதிர் சிதறுவதைப் பார்த்து உள்ளே இருப்பதன் உருவத்தைச் சொல்லிவிடுவார்களாம். எங்கள் கருவிக்கு வலு குறைவு, மணிக்கணக்காக ஓட வேண்டும். பாதியில் காற்றுக்குமிழி புகுந்து எல்லாம் வீண். ஆராய்ச்சி செய்யும் பெண் இக்பால் விம்மி அழுதாள். நம் நஜ்லா இருந்திருந்தால் அவள் வயதுதான். சாப்பாடு கொண்டுவந்த இக்பாலின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதடி கண்ணு. இன்னொரு துளி ஏத்தினா ஆச்சு."

"உனக்கு என்னம்மா தெரியும், போ!"

அம்மா சிரித்தாள். "பாத்தியா மப்ரூகா, இவளைக் கட்டிக்கிட்டு எப்படி மாரடிக்கிறது?"

எனக்கு வயிறு எரிந்தது. அப்படி என்மேல் எரிந்து விழ எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்த அம்மா கூஸ்கூஸ் தட்டை என்னிடம் நீட்டினாள். பசியில்லை என்றுவிட்டேன்.

ஹரீஸா மிளகாய் விழுது கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே விற்பதில் காரமே இல்லை. நஜ்லாவின் செருப்பை உங்கள் தங்கை மகள் கேட்டாளாமே. கொடுக்காதீர்கள். அவள் காலுக்குச் சரியாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.

மப்ரூகா