ஓராண்டு நிறைவு

பீடோங்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புத் தங்கச்சி பிரேமாவதிக்கு, அக்கா நவமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். ஜொகூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் போன் வந்தாலே உன் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். நான் மருந்தை மறந்துவிடுகிறேனாம், அலாரம் வைக்க என் போனை எடுக்கிற மகள் சாந்தினி வாட்ஸ்அப்பையும் பார்த்துவிடுகிறாள். இந்த வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பேச்சு கிடையாது. படித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் வை.

முதலில் நல்ல சேதி. சாந்தினிக்கு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் இடம் கொடுத்துவிட்டார்கள். எனக்காகப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்த பிள்ளை. நான் வாந்தியெடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவினாள். இன்னொரு தடவை நிறுத்தினால் இடம் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இவளோ, அம்மாவுக்கு ஏதாவது என்றால் படிப்பாவது ஒண்ணாவது என்கிறாள். செய்யக்கூடியவள்தான்.

அடுத்த சேதி, எனக்குச் சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆகிறதாம். அடுத்த சனிக்கிழமை உன் அத்தான் வாசலில் கூடாரம் போட்டு அன்னதானம் வைக்கிறார். லோரி ஓட்டிவிட்டு வந்த களைப்பில் சாப்பிடாமலே தூங்குகிற மனுஷன், இப்போது வாழையிலைக்கும் சமையல்காரருக்கும் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

இந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் என்ன சொல்வேன்? முடி வளர்ந்துவிட்டது, அதுவும் சுருட்டையாக. நாக்குக்கு உப்பு புளி தெரிகிறது. பாசாரில் பார்க்கிற பொம்பளைகள் எல்லாம், நீ தப்பிச்சிட்ட நவமணி, இனி ஒண்ணும் வராது என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். இவர்கள் என்ன டாக்டரா? சிரித்துக்கொண்டே கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இருமினால் அன்று முழுக்கப் பயம், முதுகு பிடித்தால் பயம். உன் அத்தானிடம் ஒரு தடவை சொன்னேன். பிழைத்தவள் இப்படிப் பயந்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்றார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கார்டு அடித்த கதையைக் கேள். புற்றுநோயிலிருந்து மீண்டதற்கு என்று போட்டிருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை. நல்ல காரியத்துக்கு அடிக்கிற கார்டில் அந்தப் பேரே வரக்கூடாது என்று இவர் எடுக்கச் சொல்லிவிட்டார். அச்சுக்கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒன்றை எடுத்து, வட்டத்துக்குள் என் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே 'திருமதி நவமணி குணாளன், ஓராண்டு நிறைவு, அன்னதானம்' என்று போட்டுக் கொடுத்தார். இவரும் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். உனக்கும் வந்திருக்குமே. பேப்பரின் பின்பக்கத்தில் செத்தவர்களுக்குப் போடுகிறார்களே, அச்சு அசல் அதே மாதிரி.

மறுநாளே கோலா கெடாவிலிருந்து நம் பெரியம்மா மகன் காளிதாசன் அண்ணனும் அண்ணியும் ரோஜா மாலையோடு வந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியிலேயே அண்ணி மாரில் அடித்துக்கொண்டு, போன வருஷமே போயிட்டியா, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே என்று அழுகிறாள். துடைப்பத்தோடு போய்க் கேட்டைத் திறந்தது நான். அண்ணி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்து, எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டேன். அந்த மாலையை என்ன செய்வதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை, எடுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை பிரேமா. அதற்கு முந்தின வாரமே, குளிக்கும்போது, இடது பக்கம் காறை எலும்புக்கு மேலே கையில் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. அசையவில்லை. நோவவும் இல்லை. என்னோடு ஒரே வார்டில் இருந்த, யான் என்கிற ஊர்க்காரி அழகம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. நோவலையே அக்கா, ஒண்ணும் இருக்காது என்று போனில் சொன்னாள். இப்போது அவள் போனை அவள் வீட்டுக்காரர் எடுக்கிறார். நான் எதுவும் கேட்காமல் வைத்துவிட்டேன்.

ஒரு வருஷச் சோதனைக்கு இந்தச் செவ்வாய்க்கிழமையே போயிருக்க வேண்டும். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அன்னதானத்துக்கு அடுத்த செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். வீட்டில், அவர்களே தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று புளுகிவிட்டேன். இரண்டு நாளாக ஷால் போட்டுக்கொண்டு திரிகிறேன். என்னம்மா இந்த வெயிலில் என்று சாந்தினி கேட்டாள். சளி என்றேன். அதற்கே முகம் வெளுத்துப் போய், நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மறுபேச்சு பேசாதே. அடுத்த வெள்ளிக்கிழமையே இங்கே வந்துவிடு. வந்ததும் என் கழுத்தைப் பார்க்காதே, உன் கண் காட்டிக் கொடுத்துவிடும். சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும், வகுப்பும் தொடங்கப் போகிறது, எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி சாந்தினியையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறிவிடு. பஸ் போன பிறகு உன் அத்தானிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை அவரோடுதான் போவேன், பயப்படாதே.

அங்கே போன பிறகு அவளைத் திருப்பி அனுப்பாதே. டாக்டர் என்ன சொன்னாலும் பரீட்சை முடியாமல் அனுப்பாதே. உன் அத்தான் கேட்பார், அழுவார், அனுப்பாதே. எனக்குப் பயமாக இருக்கிறது பிரேமா, நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. ஒருநாள் வலி தாங்காமல் நானே போன் போட்டு, என் பிள்ளையை ஒரு தடவை பார்க்கணும், அனுப்பு என்று கெஞ்சினாலும் கெஞ்சுவேன். அந்தப் பேச்சைக் கேட்காதே. இந்தக் கடிதத்தை எடுத்துப் படி.

காலையில் அவளை எழுப்ப இரண்டு தடவை கூப்பிட வேண்டும். வெறும் வயிற்றோடு வெளியே விடாதே. நீ மாத்திரையை ஒழுங்காகப் போடு, இனிப்பைக் குறை, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நூறு வயசுக்கு நல்லா இருக்கணும் பிரேமா. அவளுக்கு ஒருத்தி வேணும்.

உன் அக்கா,
நவமணி