மாப்புளக் காருக்கு சூப்பர்சார்ஜர்

வாப்பாக்கு வேகம் எண்டாப் பயம் எண்டு சொல்லிப்போட்டு நீ டெலிபோன வெச்சிட்டாய். நான் மறுமொழிக்கு வாயத் திறக்கக்குள்ள அங்க கீ எண்ட சத்தம் மட்டுந்தான் கிடந்திச்சி. பெட்டி அனுப்பி ரெண்டு மாசம், இன்னும் பூட்டல்ல, பயந்தாங்கொள்ளி வாப்பா. இதுதான் நீ கடைசியாச் சொன்ன சொல்லு. அதுக்கு இப்ப மறுமொழி எழுதுறன். கடுதாசிக்கு நடுவில ஒன்னால குறுக்க கதைக்க ஏலா, வெச்சிட்டுப் போகவும் ஏலா.

சரி, சண்ட ஒரு பக்கம் கிடக்கட்டும், முதல் ஸலாம். அன்புள்ள மகன் ஜெஸீமுக்கு வாப்பா கச்சிமுகம்மது எழுதிக்கொள்றது, அஸ்ஸலாமு அலைக்கும். இஞ்ச நானும் உம்மாவும் அல்லாஹ்ட காவல்ல தின்னுறதும் சண்டைக்குக் கொளுவுறதுமா நல்லா இரிக்கம், நீயும் கட்டார் வெயில்ல கருகாம நேரத்துக்குத் தின்டு தொழுது சுகமா இரிக்கணும் எண்டு அஞ்சு நேரமும் கேக்கிறம். தங்கச்சி முஸ்பிறாட புள்ளைக்குப் பல்லு மொளச்சிட்டு, கண்டதெல்லாம் கடிக்கிது, நேத்து என்ட மூக்குக் கண்ணாடிட கால் ஒண்டு போயிட்டு, ஆனபடியா எழுத்துக் கோணலா இரிந்தா அது அவட குற்றம், நான் எட்டாம் வகுப்போட நிண்டது ரெண்டாவது குற்றம். வயல் வட்டையில வெள்ளாம கதிர் தள்ளிட்டு, யானை இன்னும் வரல்ல. ஜவாத் வியாழக்கிழம பிளைட் ஏறுறான், இந்தக் கடுதாசியையும் உம்மா கட்டித்தாற சாமானையும் அவன்தான் கொண்டு வாறான், முறுக்குல பாதிய அவன் தின்டிட்டுத்தான் தருவான், நீ கேட்டுச் சங்கடப்படுத்தாத.

இன்னொண்டு. உம்மா எனக்குப் பக்கத்தில பாயப் போட்டு இரிக்கா. நான் எழுதுற ஒவ்வொரு துண்டையும் சத்தமா வாசிச்சிக் காட்டணுமாம், இல்லாட்டி நான் பொய் எழுதுவனாம். ஒன்ட கார்ல நீ பெட்டியில அனுப்பின அந்தக் காத்துச் சாமானப் பூட்டவே ஆகா எண்டு கண்டிச்சி எழுதணுமாம். அதோட எனக்கு வயசு போயிட்டு, கால் சரியில்ல, நான் இனி அந்தக் காரத் தொடவே கூடா எண்டும் எழுதணுமாம். முதலாவதப் பத்தி எனக்கும் கொஞ்சம் யோசன இரிக்கி. ரெண்டாவதப் பத்தித்தான் நான் இவ்வளவு கடுதாசி வாங்கி வெச்சிக்கிட்டு எழுதுறன்.

முதல்ல ஒனக்கு நாங்க சொல்லாத ஒண்டச் சொல்லணும். இதுல உம்மாவும் கூட்டு, இப்ப தலயக் குனிஞ்சிக்கிட்டு இரிக்கா. நீ கொழும்பில வாங்கி ஒரு மாசம் ஓடிப்போட்டு எங்கட்ட உட்டிட்டுப் போன அந்தச் சிவத்த ரெண்டு சீட்டுக் கார் சும்மா நிக்கல்ல மனே. மருதமுனையில இப்ப அது மாப்புளக் கார். சீலக் கூரையப் பின்னால மடிச்சி உட்டா மாப்புள முழுசாத் தெரியிறான், தலப்பாவும் தெரியிது, மாலையும் தெரியிது, வேற எந்தக் கார்ல அப்படித் தெரியும். ரெண்டே சீட்டு எண்டதால மாப்புளக்குப் பக்கத்தில ஏறுறதுக்கு மாமன் மச்சான் சண்டையுமில்ல. ஓட்டுறவன் நான், அவ்வளவுதான். மாப்புள வீட்டில இருந்து பொண்ணு வீட்டுக்கு நடக்கிறாக்கள்ட வேகத்தில கொண்டு போறது, பின்னால றபான் கொட்டு அடிக்கிறாக்கள், அதுக்குப் பின்னால பெண்டுகள். பொண்ணு வீட்டு வாசல்ல குரவ போடுவாங்க, பொண்ணுட தம்பி வந்து மாப்புளட கையப் புடிச்சி இறக்குவான். சாப்பாட்டுக்கு என்னையும் மாப்புளட சஹன்ல, ஒரே பெரிய தட்டில, இருத்துவாங்க. ரெண்டு வருசமா இந்த ஊர்ல கோழிட நெஞ்சுத் துண்டு எனக்குத்தான். காசு ஒரு சதம் வாங்கினதில்ல, இத உம்மா சத்தியம் பண்ணிச் சொல்லுவா.

இப்ப நீயே யோசி. முதலாம் கியர விட்டு ரெண்டாம் கியருக்குப் போகாத காருக்கு நீ கட்டார்ல இருந்து சூப்பர்சார்ஜர் வாங்கி அனுப்பிரிக்காய். பாண்டிருப்பு நல்லரெத்தினத்திட்டப் போய் இது என்ன சாமான் எண்டு கேட்டன், பஸ் டிப்போவில பெரிய மெக்கானிக்கா இருந்து பென்சன் எடுத்த மனிசன், ஒனக்குத் தெரியும்தானே. அவர் அதத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டுச் சொன்னாரு, காக்கா, எஞ்சின் தானா இழுக்கிற மூச்சு காணாதெண்டு இது பெல்ட்டில சுத்திக் காத்த அமுக்கி உள்ளுக்குத் தள்ளும், காத்துக் கூடினா பெற்றோல் கூடணும், ரெண்டும் கூடினா சூடு கூடும், ஏற்கனவே கலியாணத்தில ஊந்து ஊந்து போய் சூட்டு முள்ளு ஏறித்தான் நிக்கிது, யோசிச்சிச் செய்யுங்க எண்டாரு. தொண்ணூத்தஞ்சு பெற்றோல்தான் ஊத்தணுமாம், நம்மட பெற்றோல் செட்டில அது எல்லா நாளும் கிடைக்கிற சாமானில்ல. இத வாசிச்சிக் காட்டக்குள்ள உம்மா இப்பதான் ஒழுங்கா எழுதுறீங்க எண்டா.

அதோட ஓட்டமா ஓட்டின ஆள் நானும்தான். நீ பிறக்க முன்னம் உம்மாட வாப்பாட மில்லுல ஒரு பெரும்போக நேரம், நெல்லு வண்டில் வரிசையா நிக்கிது, கெதியா முடிக்கணும் எண்டு நான் அரிசி குத்துற மெசின்ல பெல்ட்டு ஓடுற பெரிய புல்லியக் கழட்டிட்டுச் சின்னதப் பூட்டினன். மெசின் பறந்திச்சி. அண்டைக்கு வந்த நெல்லெல்லாம் அரிசியா வரல்ல, குறுணலாத்தான் வந்திச்சி. ஊர் முழுக்க ஒரு மாசம் கஞ்சி குடிச்சிச்சி, மாமா என்னோட ஒரு மாசம் கதைக்கல்ல, கஞ்சிக் கோப்பய மட்டும் எனக்கு முன்னால கொண்டு வந்து வெச்சிட்டுப் போவாரு. உம்மா இப்ப சிரிக்கா. அப்ப சிரிக்கல்ல.

இனி அஸ்பாக்ட கலியாணம். ரெண்டு கிழமைக்கு முன்னம் நடந்தது, ஆராவது ஒனக்குச் சொல்லியிரிப்பானுகள், அவனுகள் சொன்னது எல்லாம் கூட்டிச் சொன்னது, நடந்தத நான் சொல்றன். அஸர் தொழுதிட்டு மாப்புள அஸ்பாக்க ஏத்திக்கிட்டு வெளிக்கிட்டம். பெரிய றோட்டால திரும்பி உள் றோட்டுக்கு ஏறினா முன்னால ஒரு ஈ காக்காயும் இல்ல, பின்னால ஆக்கள் நடக்காங்க. நான் லேசாத்தான் மிதிச்சன் மனே. கார் ஒரு ஊளச் சத்தம் போட்டிச்சி, அவ்வளவுதான், அஸ்பாக்ட தலப்பா ஆர்ட மதிலுக்கு மேலால போயிச்செண்டு எனக்குத் தெரியா, நான் பிரேக்கப் புடிச்சி நிப்பாட்டக்குள்ள நாங்க பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கிறம். நாங்க ரெண்டு பேர் மட்டும். பொண்ணுட தம்பி சாஜித் சட்டையுமில்லாம சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு, பந்தல்ல போடக் கதிர தூக்கிக்கிட்டு வாறான். எங்களக் கண்டான், கதிரயப் போட்டிட்டு உள்ளுக்கு ஓடினான். குரவ போட வேண்டிய பெண்டுகள் எல்லாம் உள்ளுக்குச் சாறி உடுத்துக்கிட்டு நிக்காங்க. பொண்ணுட உம்மா கதவுக்குப் பின்னால நிண்டு, மாப்புளய இப்ப இறக்க ஏலா, ஒரு சுத்துச் சுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க எண்டு சொல்லி அனுப்பினா.

சொன்னபடி நான் காரத் திருப்பினன். பிழ அதுலதான். நான் வேற ஒழுங்கையால சுத்திரிக்கணும், வந்த றோட்டாலயே திரும்பிட்டன். எதிர்ல றபான்காரர் வாறாங்க. மாப்புளயத் தலப்பா இல்லாமத் திருப்பிக் கொண்டு வாறன். அவங்க என்ன நினைப்பாங்க சொல்லு. பொண்ணு வீட்டில மாப்புளய வேணாம் எண்டு அனுப்பிட்டாங்க எண்டு நினைச்சிட்டாங்க. றபான் நிண்டிச்சி. அஸ்பாக்ட உம்மா றோட்டில குந்திட்டா. அவட தம்பிமார் ரெண்டு பேர் பொண்ணு வீட்டப் பாத்து சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு நடக்கத் தொடங்கிட்டாங்க. அஸ்பாக் கார்ல எழும்பி நிண்டு கத்துறான், வேணாம் எண்டு சொல்லல்ல, சாறி உடுக்காங்க, சாறி உடுக்காங்க எண்டு. அத ஆரும் கேக்கல்ல. பிறகு எல்லாம் சரியாப் போச்சி, நிக்காஹ் நடந்திச்சி, சாப்பாடும் நடந்திச்சி, ஆனா என்னை மாப்புளட சஹன்ல இருத்தல்ல. பந்தல் மூலையில மூணு கிழவன்மாரோட இருத்தினாங்க. கோழிட கழுத்துத் துண்டுதான் வந்திச்சி.

அண்டைக்கு என்னக் காப்பாத்தினது உம்மாதான், அத நான் மறைக்கப் போறதில்ல. அவ்வளவு சனத்துக்கு நடுவில வந்து, அவருக்குக் கால் வழுக்கிட்டு, வயசு போயிட்டு, மன்னிச்சிக்கொள்ளுங்க எண்டு அஸ்பாக்ட உம்மாட கையப் புடிச்சிச் சொன்னா. சனம் அடங்கிட்டு. ஆனா மறுநாள்ல இருந்து மருதமுனையில என்ட காலப் பத்தித்தான் கத. பள்ளியில தொழப் போனா எனக்குக் கதிர கொண்டு வந்து போடுறானுகள். வாற வெள்ளிக்கிழம மாப்புள கொண்டுபோக என்னைக் கேட்டிருந்தவங்க, காக்கா நீங்க ஓய்வெடுங்க, நாங்க வேன் புடிச்சிட்டம் எண்டு சொல்லிட்டாங்க. உம்மா ஒவ்வொரு நாளும் பொழுது படக்குள்ள எண்ணெயச் சுட வெச்சி என்ட வலது காலத் தேச்சி உடுறா. இப்பவும் தேச்சிக்கிட்டுத்தான் இரிக்கா. நல்லாத்தான் இரிக்கி, பொய் சொல்லப்படா.

ஆனா மனே, நீ டெலிபோன்ல பயந்தாங்கொள்ளி எண்டாய், ஊர்ல கால் ஏலாதவன் எண்டு சொல்றாங்க. ரெண்டையும் ஒரு மனிசன் தாங்க ஏலா. ஒண்டையாவது கழட்டி வெக்கணும். ஆனபடியா இந்தத் துண்டையும் எழுத எழுதச் சத்தமா வாசிக்கப் போறன். என்ட கால்ல பிழ இல்ல. ஒன்ட சூப்பர்சார்ஜரப் பூட்டி ஒரு மாசமாகிது. பிரேக் பாக்கக் குடுத்திரிக்கன் எண்டு உம்மாட்டச் சொல்லிட்டு நல்லரெத்தினத்திட வீட்டுக் கொட்டிலுக்குள்ள மூணு நாள் வெச்சித்தான் பூட்டினம், அவர்ட மகன் பவிதரன் கொம்பியூட்டர வெச்சிப் பெற்றோல் அளவச் சரிபண்ணினான். நல்லரெத்தினம் முதல் வேணாம் எண்டுதான் சொன்னாரு, பூட்டத் தொடங்கின பிறகு சோத்துக்கும் எழும்பல்ல. கட்டிலுக்குக் கீழ கிடக்கிற பெட்டிக்குள்ள இப்ப ரெண்டு செங்கல்லும் ஒரு சாக்குந்தான் இரிக்கி, உம்மா அதத்தான் தூசி தட்டித் தட்டி வெக்கிறா.

பூட்டின அடுத்த நாள் நானும் நல்லரெத்தினமும் காரதீவுச் சந்தியால திரும்பி அம்பாற றோட்டில போனம். சம்மாந்துற தாண்டினா ரெண்டு பக்கமும் வயல், றோட்டு நேர். மிதிச்சன். முதுகு சீட்டோட ஒட்டிச்சி. நல்லரெத்தினம் பிள்ளையாரக் கூப்பிட்டாரு, நான் கலிமாச் சொன்னன், முன்னால போன பஸ் ஒண்டு பின்னால போயிச்சி. பயம் எண்டு சொன்னாய், ஓம், பயந்துதான் போனன். எழுவது வயசில அப்படி ஒரு பயம் எனக்கு வரும் எண்டு நான் நினைக்கல்ல. நிப்பாட்டி, எறங்கி, ஒரு இளநி குடிச்சிட்டு, திரும்பி வரக்குள்ளயும் மிதிச்சன். ஆனபடியா என்ட யோசன என்னெண்டா, கழட்டாம

உம்மா எழும்பிட்டா. செங்கல்லு எண்ட இடத்தில கை நிண்டிச்சி, இளநியில எண்ணெய்ப் போத்தல மூடினா, கழட்டாம எண்ட சொல்லோட எழும்பிட்டா. நான் ஊர் முழுக்க ஒங்கட காலுக்கு மன்னிப்புக் கேட்டுத் திரியிறன் எண்டு மட்டும் சொன்னா, அதுவும் சுவரப் பாத்துத்தான். போயிட்டா. மிச்சத்த ஆருக்கு வாசிக்கிற, ஒனக்கு மட்டும் சுருக்கமா எழுதுறன். கார் ஒன்ட, சாமான் ஒன்ட, நீதான் சொல்லணும். கழட்டச் சொல்றதெண்டா எனக்கு டெலிபோன் எடு, ஒரு நாள்ல கழட்டிருவம். இரிக்கட்டும் எண்டா எனக்கு எடுக்காத, உம்மாக்கு எடுத்து நீயே சொல்லு.

சீனி கூடாத தேத்தண்ணியாக் குடி, வெள்ளிக்கிழம ஜும்ஆவ உட்டிராத, சாமான் வந்த உடன அறிவி. அல்லாஹ் ஒன்ட தொழில்ல பரக்கத்தத் தந்து, கைகால் சுகத்தோட ஒன்ன வீட்டுக்குக் கொண்டு வந்து சேக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
ரெண்டு காலும் நல்லா இரிக்கிற ஒன்ட வாப்பா,
கச்சிமுகம்மது
மருதமுனை